பாடத்துக்கு நாலு நட்சத்திரம், சான்றிதழுக்கு ஒன்றுகூட இல்லை

நான் ஆவணங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, மதிப்பெண் பட்டியல் என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பிரெஞ்சுக் கல்விச் சான்றிதழ் வந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘லிசான்ஸ்’, கீழே பாடம் வரலாறு. அரைத் தூக்கத்தில் ‘வரலாற்று உரிமம்’ என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வண்டி ஓட்ட உரிமம் கொடுப்பார்கள், கடை வைக்க உரிமம் கொடுப்பார்கள், வரலாற்றுக்கு யார் உரிமம் கொடுப்பார்கள்? பிரான்சில் பள்ளி முடித்து மூன்று ஆண்டு படித்து வாங்கும் முதல் பட்டத்தின் பெயரே லிசான்ஸ். ‘இளநிலைப் பட்டம்’ என்று திருத்தி அனுப்பிவிட்டேன், மானம் தப்பியது. ஆனால் ஒரு பட்டத்துக்கு ஏன் லைசென்ஸ் என்று பேர் வைத்தார்கள் என்ற கேள்வி மட்டும் போகவில்லை. அதற்காகச் சேர்ந்ததுதான் இந்த இணைய வகுப்பு.

நடத்துகிறவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடைசியில் கொஞ்சம் திட்டப்போகிறேன், அதனால் இப்படியே இருக்கட்டும். பட்டங்களின் வரலாறு பற்றிப் பன்னிரண்டு பதிவு செய்த உரைகள், ஒவ்வொன்றும் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை, ஆங்கிலத்தில். இதே மாதிரி வகுப்புகள் வேறு இடங்களிலும் கிடைக்கின்றன, அதனால் இப்படி ஒரு வகுப்பில் எதை எதிர்பார்க்கலாம், எதற்கு ஏமாறக்கூடாது என்று தெரிந்துகொள்ள இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் உரை முழுக்க ஒரே ஒரு வினைச்சொல் பற்றியது. லத்தீனில் ‘லிசெத்’ என்றால் ‘அனுமதி உண்டு’. அதை ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்கப் பத்து நிமிடம் திண்டாடுகிறார், ஏனென்றால் அந்த வினைக்கு எழுவாய் கிடையாது, யார் அனுமதிக்கிறார்கள் என்று அது சொல்லாது. தமிழ்க்காரர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. நம்மிடம் ‘லாம்’ இருக்கிறதே. போகலாம், உட்காரலாம், சாப்பிடலாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் செய்யலாம். அந்த ‘லாம்’மைப் பிடித்து ஒரு பெயர்ச்சொல்லாக ஆக்கினால் அதுதான் லிசென்சியா. நல்ல அர்த்தத்தில் அனுமதி. கெட்ட அர்த்தத்தில் ‘என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று திரிகிற திமிர். ரோமானியர்கள் இந்த இரண்டாவது அர்த்தத்தைத்தான் அதிகம் பயந்தார்கள், லிபெர்தாஸ் என்ற கண்ணியமான சுதந்திரத்துக்கு எதிராக லிசென்சியாவை நிறுத்துவார்கள். ‘அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தாச்சு, இனி ஆடுவான்’ என்று நாம் பேச்சில் சொல்வது கிட்டத்தட்ட இதேதான்.

அப்படிப்பட்ட சொல் எப்படிப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது என்பதுதான் வகுப்பின் உயிர். இரண்டாவது உரை அபெலாரில் தொடங்குகிறது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தர்க்கத்தில் ஏற்கெனவே பேர் வாங்கிவிட்ட அபெலார், இறையியல் படிக்க லாவோன் ஊருக்குப் போகிறார், அன்செல்ம் என்ற கிழ ஆசிரியரிடம். வகுப்பு அறுவை. சக மாணவர்கள் சீண்ட, இவரே பைபிளின் எசேக்கியேல் ஆகமத்துக்கு உரை சொல்லத் தொடங்குகிறார், கூட்டம் சேர்கிறது, அன்செல்ம் தடை போடுகிறார். தடைக்குச் சொன்ன காரணம் சுவையானது: பயிற்சி இல்லாத இந்த ஆள் ஏதாவது பிழையாகச் சொன்னால் பழி என் தலையில் விழும். இதை அபெலாரே தன் கதையில் எழுதி வைத்திருக்கிறார், அன்செல்மின் பொறாமைக்குச் சாட்சியாக. ஆனால் பாதிக்கப்பட்டவர் எழுதிய கணக்கை அப்படியே நம்பாமல், அன்செல்ம் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று நம் ஆசிரியர் காட்டுகிறார். கற்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், கற்பித்ததற்கு யார் பொறுப்பு என்பதும் கூடவே வருகிறது. இந்த இடத்தில்தான் ஆளைப் பிடித்துப்போனது எனக்கு.

அப்புறம் மூன்றாவது, நான்காவது உரைகள். வாங்கின காசு இந்த இரண்டுக்கே செரித்துவிட்டது. அந்தக் காலத்தில் பேராலயத்தை ஒட்டித்தான் பள்ளி. பேராலயத்தின் சார்பில் பள்ளியைக் கவனிக்கிற அதிகாரி, பாரிசில் நோத்ர-தாமின் சான்சலர், ‘இவர் கற்பிக்கலாம்’ என்று அனுமதி கொடுத்தால்தான் ஒருவர் தனியாக வகுப்பு நடத்த முடியும். அதுதான் லிசென்சியா டோசென்டி, கற்பிக்கும் அனுமதி. அனுமதி ஒருவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, காசு கேட்டார்கள். அதனால் 1179-இல் போப் மூன்றாம் அலெக்சாண்டர் கூட்டிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் ஒரு விதி போட்டது. ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியருக்குப் பிழைப்புக்கு வழி செய்து, ஏழை மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வைக்க வேண்டும். கற்பிக்கும் அனுமதிக்கு யாரும் காசு வாங்கக்கூடாது. தகுதி உள்ளவர் கேட்டால் மறுக்கவும் கூடாது.

இந்த மூன்றாவது வரியில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறார் ஆசிரியர், நானும் ஒத்துக்கொள்கிறேன். அதுவரை அனுமதி என்பது சலுகை, சான்சலருக்கு மனசு வந்தால் கொடுப்பார். தகுதி இருந்தால் மறுக்கக்கூடாது என்று எழுதிவிட்டால் அது உரிமை ஆகிவிடுகிறது, உடனே அடுத்த கேள்வி எழுகிறது: தகுதி இருக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது? சான்சலருக்கு மருத்துவம் தெரியுமா, சட்டம் தெரியுமா? தெரிந்தவர்கள் ஆசிரியர்கள். அவர்களோ செருப்புத் தைப்பவர்கள், துணி நெய்பவர்கள் மாதிரி ஒரு தொழிற்சங்கமாகத் திரண்டு நின்றார்கள். அந்தச் சங்கத்துக்குத்தான் லத்தீனில் யூனிவெர்சிதாஸ் என்று பேர், யூனிவெர்சிட்டி என்ற சொல்லே அதிலிருந்துதான். பல்கலை, சகல கலை என்ற பொருளெல்லாம் பிற்பாடு நாமாக ஏற்றியது. அந்தச் சொல்லுக்கு அன்று பொருள் வெறும் ‘கூட்டம், சங்கம்’.

1213-இல் பாரிசில் ஒரு சமரசம். இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய துறைகளில் பெரும்பான்மை ஆசிரியர்கள் தகுதி உண்டு என்று சொன்ன ஆளுக்குச் சான்சலர் அனுமதி மறுக்க முடியாது. கலைத் துறையில் மட்டும் ஆறு பேர் குழு, மூவரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பார்கள், மூவரைச் சான்சலர். இன்றைக்குத் தேர்வாளர் குழு என்று சொல்கிறோமே, அதன் பாட்டன் இதுதான். இரண்டு வருஷத்தில், 1215-இல், போப்பின் தூதர் ராபர்ட் டி கூர்சோன் விதிமுறைகளை எழுதினார். பாரிசில் கலைப் பாடம் நடத்த 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆறு வருஷம் பாடம் கேட்டிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வருஷம் சொல்லிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். இறையியலுக்கு 35 வயது. இந்த இரண்டு வருஷ வாக்குறுதியை நான் மூன்று தடவை திரும்பக் கேட்டேன். பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்ற எண்ணமே அந்த விதியில் கிடையாது! வாங்குவதே சொல்லிக்கொடுக்கத்தான்.

1229 வேலைநிறுத்தக் கதையையும் நன்றாகச் சொல்கிறார், ஆனால் கொஞ்சம் அதிகமாகவே நடிக்கிறார். சாராயக்கடையில் கணக்குத் தகராறு, மாணவர்களுக்கு அடி, மறுநாள் தடியோடு திரும்பி வந்த மாணவர்கள், அரசி பிளான்ஷின் உத்தரவில் காவலர்கள் புகுந்து சிலரைக் கொன்றது, ஆசிரியர்கள் பாரிசை விட்டே வெளியேறியது. இரண்டு வருஷம் வகுப்பு இல்லை. 1231-இல் போப் ஒன்பதாம் கிரகோரி ஆணை கொடுத்துத்தான் திரும்பினார்கள், அதில் சான்சலர் இனி நேர்மையாக நடப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றும் இருந்தது. விஷயம் தானாகவே சூடானது, பின்னணி முரசு வேண்டியதில்லை.

அடுத்து இத்தாலியின் பொலோன்யா பற்றிய ஐந்தாவது உரை, அதில் எனக்கு ஒரு குழப்பம் தீர்ந்தது. அங்கே சங்கம் வைத்தவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள் இல்லை. மணி அடித்த பிறகும் பாடத்தை இழுத்தால் ஆசிரியருக்கு அபராதம், சொல்லாமல் லீவு போட்டால் அபராதம், ஐந்து பேராவது கேட்க வராவிட்டாலும் அபராதம். கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறது. ஆனால் பட்டம் கொடுக்கிற விஷயத்தில் மட்டும் மாணவர்களுக்குச் சொல்லே கிடையாது, அது சட்ட ஆசிரியர்களின் குழுவிடம் இருந்தது. 1219-இல் போப் மூன்றாம் ஹொனோரியஸ், பேராலயத்தின் தலைமைத் திருத்தொண்டரின் சம்மதம் இல்லாமல் யாரையும் ஆசிரியர் இடத்துக்கு உயர்த்தக்கூடாது என்று எழுதினார். அப்படியாக அங்கும் அதே இரட்டைப் பூட்டு: சோதிப்பது தெரிந்தவர்கள், ‘லாம்’ சொல்வது திருச்சபை.

தேர்வும் இரண்டு. தனித்தேர்வில் காலையில் சட்ட நூலிலிருந்து இரண்டு பகுதிகளைக் கொடுப்பார்கள், அன்றைக்கே தயார் செய்துகொண்டு வந்து ஆசிரியர்கள் முன்னால் விளக்க வேண்டும். உண்மையான சோதனை இதுதான். இதில் தேறியவர் லிசென்சியேட், அனுமதி பெற்றவர். அடுத்தது பேராலயத்தில் ஊரறிய நடக்கும் விழா. நாற்காலியில் உட்காரவைத்து, விரித்த புத்தகத்தைக் கொடுத்து, மோதிரம் போட்டு, தொப்பி வைத்து, கட்டித் தழுவி ஆசி சொல்வார்கள், அப்புறம் ஊதுகுழல்காரர்களோடு ஊர்வலம். இது முடிந்தால்தான் டாக்டர். டாக்டர் என்றால் கற்பிப்பவர் என்று மட்டுமே பொருள்; ஊசி போடுபவர்கள் அந்தப் பெயரைத் தங்களுக்கென்று ஆக்கிக்கொண்டதெல்லாம் பிந்திய கதை. மாஸ்டர், டாக்டர், புரொபசர் மூன்றும் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லக்கூடிய பெயர்களாகத்தான் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது பின்னால்தான்.

விழாச் செலவு தலைசுற்ற வைக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. விருந்து, உடை, பரிசு என்று ஆளையே விற்றாலும் காணாது. 1311-12-இல் வியென் நகரில் கூடிய பொதுச்சங்கம், டாக்டர் ஆகிறவர் தூர் நகரப் பெயர் கொண்ட வெள்ளிக் காசு 3000-க்கு மேல் செலவழிக்கக்கூடாது என்று உச்சவரம்பு போட வேண்டியிருந்தது. உச்சவரம்பே இவ்வளவு! பாரிசிலோ, புது ஆசிரியரின் முதல் வகுப்பு விழாவில் குடிக் கூத்து கூடாது, நண்பர்கள் சிலரை மட்டும் அழைக்கலாம் என்று 1215 விதியிலேயே இருக்கிறது. யாரும் குடிக்காமல் இருந்திருந்தால் அப்படி ஒரு வரி எழுத வேண்டியிருக்காது.

ஆறாவது உரை துலூஸ் பற்றியது, சின்னது, ஆனால் இன்றைய நிலைமைக்கு மிக நெருக்கம். 1229-இல் புதிதாக வந்த பல்கலைக்கழகம், பேர் இல்லை. 1233-இல் போப் அதற்கு ஒரு வரம் கொடுக்கிறார்: இங்கே சோதித்துத் தேறியவர் வேறெங்கும் மறுதேர்வு எழுதாமல் கற்பிக்கலாம். பேர் இல்லாத கடைக்கு அரசாங்க முத்திரை மாதிரி. பேர் பெற்ற பழைய இடங்களுக்கு முதலில் இது தேவைப்படவே இல்லை, பாரிசின் பேரே போதும். கடைசியில் அவைகளும் வாங்கிக்கொண்டன, பொலோன்யா 1291-இல், பாரிஸ் 1292-இல். ஆக்ஸ்போர்டுக்கு முறைப்படி அது கிடைக்கவே இல்லை, ஒன்றும் குறைந்துபோகவில்லை. ‘எங்கும்’ என்று தாளில் இருந்தாலும் பாரிஸ்காரர்கள் வெளியிலிருந்து வந்தவர்களை மறுபடி சோதிக்கத்தான் செய்தார்கள். வெளிநாட்டுச் சான்றிதழுக்கு இணைமதிப்புச் சான்று வாங்க அலைகிறவர்களின் தாள்கள்தான் என் மேசைக்கு வருகின்றன, அதனால் இந்தப் பகுதியில் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். ஏழாவது உரையில் பேச்சிலர் என்ற சொல்லுக்கு லாரல் மரத்தின் கனி என்று ஒரு விளக்கம் சொல்கிறார், பாக்கா லாவ்ரி, வெற்றிமாலை, கவிஞர் முடி என்று படம் படமாகக் காட்டி. இது பின்னால் வந்தவர்கள் ஓசையை வைத்துக் கட்டிய கதை. பழைய வடிவம் பாக்கலாரியுஸ், அது கீழ்நிலைக் குடியானவன், இளம் வீரன் என்ற மாதிரி அர்த்தங்களில் புழங்கிய சொல். அதற்கும் முந்தைய வேர் தெளிவில்லை. அதாவது இன்னும் ஆசான் ஆகாத சின்னப் பையன், அவ்வளவே. அன்செல்ம் விஷயத்தில் அத்தனை நிதானமாக இருந்தவர் இங்கே எப்படி வழுக்கினார் என்று தெரியவில்லை. லாரல் கதை அழகாக இருக்கிறது, அதனால் இருக்கும்.

எட்டும் ஒன்பதும் அங்கியும் தொப்பியும். தாண்டிப் போங்கள். எனக்கு அதில் கிடைத்தது ஒன்றே, டிகிரி என்ற சொல்லுக்கு அடியில் இருக்கும் கிராதுஸ் என்றால் படிக்கட்டின் படி என்பது, அதுவும் அவர் போகிற போக்கில் சொன்னது. அவர்களுக்கு ஏறும் படி. நமக்குப் பட்டம், நெற்றியில் கட்டும் தகடு, அரசனுக்குச் சூட்டுவது. ஒரு பக்கம் நாமாக ஏற வேண்டிய பொருள், இன்னொரு பக்கம் வேறொருவர் வந்து கட்டிவிட வேண்டிய பொருள். எது உண்மைக்குப் பக்கம் என்று இரண்டு நாள் யோசித்தேன், இந்த வகுப்பைக் கேட்ட பிறகு இரண்டும் சரி என்றே தோன்றுகிறது. ஏறுவது ஆசிரியர்கள் முன்னால், கட்டிவிட்டது சான்சலர்.

தானியங்கி வசன வரிகள் படு மோசம். ஒரு லத்தீன் சொல்கூட சரியாக வரவில்லை. காதை நம்பிக் கேட்க வேண்டியதுதான். பாடக் குறிப்பு என்று தனியாக எதுவும் தரவில்லை.

பத்தாவது உரைக்கு வாருங்கள், அதற்காக மற்றதை மன்னிக்கலாம். எலெனா கோர்னாரோ பிஸ்கோப்பியா, வெனிஸ் பிரபு வீட்டுப் பெண். இறையியலில் டாக்டர் பட்டம் கேட்டார்கள். பதுவா பல்கலைக்கழகத்தின் சான்சலர் அவ்வூர் ஆயர் பார்பரீகோ, அவர் மறுத்தார். இறையியல் டாக்டர் என்றால் இறையியல் கற்பிக்கலாம் என்று பொருள், பெண் அதைச் செய்யலாமா என்பது அவர் கேள்வி. தத்துவத்தில் சம்மதித்தார்கள். 25 ஜூன் 1678 அன்று, கூட்டம் தாங்காததால் பேராலயத்திலேயே வைத்துத் தேர்வு, புத்தகம், மோதிரம், மாலை எல்லாம் கொடுத்தார்கள். அவருடைய அறிவை ஆயர் சந்தேகிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், சண்டை முழுக்க அந்த ‘லாம்’ பற்றியது. 1179-இல் தகுதி உள்ளவருக்கு மறுக்கக்கூடாது என்று எழுதி ஐந்நூறு வருஷம் ஆகியிருந்தது.

பதினோராவது உரை இன்றைய காலம், அவசர அவசரமாக ஓடுகிறது. நெப்போலியன் 1808-இல் பக்கலோரியா, லிசான்ஸ், டாக்டொரா என்று மூன்று படி வைத்ததும், ஐரோப்பிய நாடுகள் பட்டங்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவரச் செய்த 1999 பொலோன்யா உடன்படிக்கைக்குப் பிறகு லிசான்ஸ் மூன்றாண்டு முதல் பட்டமாக நிலைத்ததும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, நான் சேர்ந்ததே அதற்காகத்தான். பின்லாந்திலும் சுவீடனிலும் லிசென்சியேட் முதுகலைக்கும் முனைவருக்கும் நடுவில் நிற்கிறது, பிரான்சில் அதே சொல் அடியில் நிற்கிறது. மொழிபெயர்ப்பவன் கதி என்ன ஆகும் பாருங்கள். ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு மேலும் ஒரு தகுதி வாங்கினால்தான் வேனியா லெகெண்டி, பாடம் சொல்லும் அனுமதி, கிடைக்கும். பழைய அர்த்தம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையிலும், பெரிய குருமடத்தில் கற்பிக்க லிசென்சியேட் வேண்டும் என்ற விதி இருக்கிறது. இங்கிலாந்தில் 1533-இல் எட்டாம் ஹென்றி போப்பின் அதிகாரங்களைப் பிடுங்கிக் கேன்டர்பரி பேராயரிடம் கொடுத்த சட்டத்தின் பலத்தில் அந்தப் பேராயர் இன்றும் பட்டம் கொடுக்கலாம், கொடுத்துக்கொண்டும் இருக்கிறார். இவ்வளவு தீனி இருக்க, இரண்டு உரை தொப்பிக்குப் போனது அநியாயம்.

இனி அந்தச் சான்றிதழ். பன்னிரண்டாவது உரையைக் கேட்டு, வினாக்களுக்கும் பதில் எழுதி, தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண்ணும் வந்தது. உடனே திரையில் ஒரு பெட்டி: வாழ்த்துகள், உங்கள் சான்றிதழைப் பெறத் தனிக் கட்டணம் செலுத்துங்கள். சேரும்போது கட்டிய பணத்தில் சான்றிதழ் அடங்கும் என்றுதான் நான் படித்த நினைவு. தேடிப் பார்த்தால், கீழே பொடி எழுத்தில் ‘சான்றிதழ் பெறும் வாய்ப்பு’ அடங்கும் என்று இருக்கிறது. வாய்ப்பு! உதவிப் பிரிவுக்கு எழுதினேன், கொஞ்சம் விளையாட்டாகவே: உங்கள் மூன்றாவது உரையின்படி தகுதி உள்ளவரிடம் காசு கேட்பது 1179 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, தயவுசெய்து பரிசீலிக்கவும். மறுநாள் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது, கட்டணத்தில் சலுகை வரும்போது தெரிவிப்போம். அனுப்பியது ஆளா இயந்திரமா தெரியவில்லை, எதுவானாலும் மூன்றாவது உரையைக் கேட்டிருக்கவில்லை.

கட்டவில்லை. அந்தத் தாளை வைத்து யாரும் எனக்கு எதுவும் செய்யலாம் என்று சொல்லப்போவதும் இல்லை. சேருகிறவர்கள் இரண்டு முதல் ஆறு வரை, அப்புறம் பத்து, இவற்றை முதலில் கேளுங்கள். வாங்கும் முன் பொடி எழுத்தைப் படியுங்கள். என் கணக்கில் இப்போதும் ‘ஒரு படி மீதமிருக்கிறது’ என்றே காட்டுகிறது. பொலோன்யாவிலும் தனித்தேர்வில் தேறிவிட்டு விழாவுக்குக் காசில்லாமல் லிசென்சியேட்டாகவே நின்றுவிட்டவர்கள் உண்டு, ஐந்தாவது உரையில் அவரே சொல்கிறார்.